முதலில் நிழல், பிறகு கொடி

"வந்த உடனே வெயில்ல வெச்சா சுருண்டுடும் தம்பி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் காட்டணும்."

பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில், எதிர்வீட்டு அக்கா மிளகாய் நாற்றுகளுக்கு மேல் பழைய துப்பட்டாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்றை இப்படி வெயிலுக்குப் பழக்குவதை ஆங்கிலத்தில் 'ஹார்டன் ஆஃப்' என்பார்கள்.

நம்ம ஊரில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அது வெற்றிலைக் கொடிக்காலில் இருக்கிறது. வெற்றிலை சமவெளிக் கொடியே இல்லை. தென்கிழக்காசிய மழைக்காட்டு நிழலில் வளர்ந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் சிலப்பதிகாரத்திலேயே, கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். அதற்குள் அது வீட்டுப் பொருளாகிவிட்டது.

காட்டுக் கொடி சமவெளி வெயிலில் எப்படிப் பிழைத்தது? கொடிக்காலில் முதலில் அகத்தி விதைப்பார்கள். அது வளர்ந்த பிறகுதான் கொடி நடுவார்கள். அகத்திதான் கொம்பு, அகத்திதான் குடை. நிழல் கூடிப்போனால் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள், தழை ஆட்டுக்கு. சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலைகளுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் அகத்திக்கும் பங்குண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டவர்களில் அக்காவும் ஒருவர். "வீடு குடுத்தாங்க. வேலை அங்கயே நின்னுபோச்சு" என்றார் ஒருமுறை.

"பழகிக்க எத்தனை நாள் ஆகும்கா?" என்று கேட்டேன்.

"நாத்துக்கா?" என்றார், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "நாத்துக்கு ஒரு வாரம் போதும்."