விருப்பப் பட்டியலும் ஒற்றை வாக்குறுதியும்: பெங்களூரு மாணவரும் எர்லி டிசிஷனும்

மல்லேசுவரத்திலிருந்து இயங்கும் கர்நாடகத் தேர்வு ஆணையம் பொறியியல் சேர்க்கைக்கு மாணவர்களிடம் 'ஆப்ஷன் என்ட்ரி' பட்டியலைக் கேட்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று விருப்ப வரிசையில் எழுதிக்கொண்டே போகலாம். இடம் ஒதுக்கப்பட்டபின் நான்கு வழிகள் உண்டு. கிடைத்ததை ஏற்றுச் சேர்வது 'சாய்ஸ் 1'. அதைக் கையில் வைத்துக்கொண்டே மேலானதற்குக் காத்திருப்பது 'சாய்ஸ் 2'. அதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது 'சாய்ஸ் 3'. அடியோடு விலகுவது 'சாய்ஸ் 4'. தரவரிசைதான் இடத்தைத் தீர்மானிக்கிறது என்பதால் இங்கே தந்திரத்துக்கு வேலை குறைவு. மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதுபவர் எதையும் இழப்பதில்லை. 1994-இல் பொது நுழைவுத் தேர்வு (சி.இ.டி.) வந்தது முதல் கலந்தாய்வோடு வளர்ந்த நகரம் இது. பிடித்ததை முதலில் எழுதுவது இங்குள்ள பெற்றோருக்கு இயல்பாகிவிட்டது.

அந்தப் பழக்கத்தை அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் எர்லி டிசிஷன் முறைக்குக் கொண்டுபோவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே முதலில் எழுத வேண்டிய பெயரை மாணவரின் ஆசையைவிடக் குடும்பத்தின் கட்டணத் திறனே தீர்மானிக்க வேண்டும். அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டு இங்கு வேதவாக்காகச் சொல்லப்படும் ஓர் அறிவுரை, உதவித்தொகை தேவைப்படும் இந்திய மாணவருக்குத் தலைகீழாகப் பொருந்துகிறது என்பதையும் காட்ட முயல்கிறேன்.

முறை எளியது. நவம்பர் 1 அல்லது 15-க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு, இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன், பிற விண்ணப்பங்களை விலக்கிக்கொள்வேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். (நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம், பள்ளி அலுவலகம் மூடியிருக்கும் என்பது அக்டோபர் கடைசியில்தான் பலருக்கு உறைக்கும்.) முடிவு டிசம்பர் நடுவில் வரும். பல கல்லூரிகள் ஜனவரியில் இரண்டாம் சுற்றும் நடத்துகின்றன. ஆணையத்தின் மொழியில் சொன்னால், இது இடத்தைப் பார்க்கும் முன்பே போட்டுவிடும் சாய்ஸ் 1. நீதிமன்றத்தில் செல்லும் ஒப்பந்தமாக இது பொதுவாகக் கருதப்படுவதில்லை. ஆனால் மீறினால் தன் அடுத்த ஆண்டு மாணவர்களின் விண்ணப்பங்கள் சந்தேகத்தோடு படிக்கப்படும் என்று ஆலோசகர் அஞ்சுகிறார். சட்டம் செய்யாத வேலையை அந்த அச்சம் செய்கிறது.

கோட்பாட்டில் இதற்குச் சொந்தக்காரர் உண்டு. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, விண்ணப்பிப்பவர் உண்மையான விருப்ப வரிசையைச் சொல்வதால் நட்டமடையாத சேர்க்கை முறைக்கு வழிகாட்டியது. அதற்கு எதிர்முனையில் இருந்தது பாஸ்டன் நகரப் பள்ளிகளின் பழைய முறை. அங்கே ஒரு பள்ளியை முதலிடத்தில் எழுதியவருக்கே முன்னுரிமை. முதல் தேர்வு தவறினால் இரண்டாவதும் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். சூட்சுமம் தெரிந்த பெற்றோர் பிடித்த பள்ளியை விட்டுக் கிடைக்கக்கூடியதை முதலில் எழுதினார்கள். ஆய்வாளர்கள் அதைச் சுட்டிக்காட்டியபின் 2005-இல் பாஸ்டன் அதைக் கைவிட்டது. எர்லி டிசிஷன் அந்தப் பாஸ்டன் முறையின் நெருங்கிய உறவு. ஆகவே 'எது பிடிக்கும்' என்ற கேள்வியோடு 'என் வாக்குறுதி எங்கே முடிவை மாற்றும்' என்ற கேள்வியும் தவிர்க்க முடியாதது.

வாக்குறுதிக்கு மதிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. எவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹாசர் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, முன்கூட்டி விண்ணப்பிப்பதன் பலன் எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுவதற்குச் சமம் என்று மதிப்பிட்டது. 2010-இல் எவரியும் லெவினும் அதன் காரணத்தை விளக்கினர்: உண்மையிலேயே வரத் துடிக்கும் மாணவர் யார் என்று கல்லூரி அறிய விரும்புகிறது, முன்கூட்டிய விண்ணப்பம் அதற்கான சான்று. ஆனால் எர்லி டிசிஷனில் இத்தனை விழுக்காடு, வழக்கமான சுற்றில் இத்தனை விழுக்காடு என்று இரு எண்களை அருகருகே வைத்துக் காட்டும் ஆலோசனை நிலையங்களின் அட்டவணையை நம்ப முடியாது. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிறிய கல்லூரிகளில் பயிற்றுநர்கள் விரும்பும் விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றிலேயே வருகிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டால் எஞ்சும் விழுக்காடு வேறு. ஜெயநகரிலிருந்து விண்ணப்பிக்கும், எந்த அணியிலும் இல்லாத மாணவிக்குரியது அந்த எஞ்சிய எண்தான். அதை எந்தக் கல்லூரியும் தனியே அச்சிடுவதில்லை. உச்சியில் உள்ள கல்லூரி, அழைத்தால் மாணவர் வருவார் என்று ஏறக்குறைய உறுதியாக இருக்கும். அங்கே வாக்குறுதி சேர்ப்பது கொஞ்சமே. அதற்கு ஒரு படி கீழே, சேர்த்த மாணவரை வேறொரு கல்லூரி கொண்டுபோய்விடுமோ என்று கவலைப்படும் இடத்தில்தான் அது அதிகம் பேசும் என்பது என் கணிப்பு.

இனி பணம். இந்தக் கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. 2014-இல் டாலர் சுமார் 61 ரூபாய். 2024 இறுதியில் சுமார் 85. உதவித்தொகை வேண்டும் என்றால் எர்லி டிசிஷன் வேண்டாம், பல கல்லூரிகளின் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புப் போய்விடும் என்பதே வழக்கமான அறிவுரை. அமெரிக்கக் குடிமக்களுக்கு அது சரி. அவர்களது பணத்தேவையைப் பாராமல் சேர்க்கும் கல்லூரிகள் பல இருப்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட அழைப்புகள் கிடைக்க வழியுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு ஆம்ஹர்ஸ்ட், 2022 முதல் போடன் என அத்தகையவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற இடங்களில் 'இவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்' என்பதும் சேர்க்கை முடிவின் ஒரு பகுதி. முழு உதவி தேவைப்படும் மாணவருக்கு மார்ச்சில் இரண்டு அழைப்புகள் வந்து அவற்றை ஒப்பிடும் நிலை அரிது. ஒன்று வந்தாலே பெரிது. கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒப்பீட்டை விட்டுக்கொடுப்பதில் இழப்பு என்ன? வெளிநாட்டு மாணவருக்கு ஒதுக்கிய தொகைக்கு வரம்பு உண்டு. டிசம்பரில் செலவானது மார்ச்சில் இருக்காது. அறிவித்த உதவியால் படிக்க இயலாது என்று குடும்பம் கருதினால் வாக்குறுதியிலிருந்து விலகலாம் என்று ஒப்பந்தமே இடம் தருகிறது. ஆகவே மிகுந்த உதவி தேவைப்படும் பெங்களூரு மாணவருக்கு எர்லி டிசிஷன் ஆபத்தானதல்ல. பெரும்பாலும் அதுவே அவருக்குத் திறந்த அகலமான வாசல்.

உண்மையில் மாட்டிக்கொள்வது நடுவில் இருக்கும் குடும்பம். இருவருக்கும் ஐ.டி. சம்பளம், ஒயிட்ஃபீல்டில் கடனோடு ஒரு ஃபிளாட், தாத்தா காலத்தில் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) ஒதுக்கிய சைட் ஒன்று. உதவித்தொகை கேட்டு நிரப்பும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் படிவம் வீட்டின் மதிப்பையும் மற்ற நிலத்தையும் கேட்கிறது. சைட்டின் இன்றைய சந்தை விலையை எழுதினால் காகிதத்தில் குடும்பம் செல்வந்தர். கையில் ரொக்கம் இராது. கல்லூரி கணக்கிடும் 'தேவை' குடும்பம் உணரும் தேவையைவிடச் சிறியதாகவே இருக்கும். உதவியே வேண்டாம் என்று விண்ணப்பித்துவிடலாம், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்ற உறவினர் யோசனையை இங்கே கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்க முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. இக்குடும்பத்துக்கு ஒப்பீடு உண்மையாகவே பயன்படும். ஏனெனில் கிரின்னெல், மெகாலெஸ்டர், டெனிசன் போன்றவை தகுதி அடிப்படையிலும் உதவித்தொகை தருகின்றன. வில்லியம்ஸும் ஆம்ஹர்ஸ்டும் அப்படித் தருவதில்லை. எனவே இவர்கள் வழக்கமான சுற்றில் பரவலாக விண்ணப்பிப்பதே அறிவு. முழுக் கட்டணத்தையும் சிரமமின்றிக் கட்டக்கூடியவர் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இந்த முறை அவருக்காகவே செய்ததுபோல் இருக்கிறது.

அதுதான் இதன் மீதான என் ஆட்சேபமும். 1984-இல் கேபிடேஷன் கட்டணத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றிய மாநிலம் கர்நாடகம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகும் மாணவருக்குச் சிறு கழிவு போகக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது. மாணவரைக் கட்டிப்போடுவதை நம் ஒழுங்குமுறை குற்றமாகப் பார்க்கிறது. அதே கட்டுக்கு அமெரிக்காவில் மதிப்பு கூடுகிறது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையை விடுவதாக 2006-இல் அறிவித்தன. மற்றவை பெரும்பாலும் பின்தொடராததால் 2011-இல் திரும்பின. தனியொரு நிறுவனம் நல்லெண்ணத்தால் வெளியேற முடியாத ஆட்டம் இது. 2025 ஆகஸ்டில் இந்த முறைக்கு எதிராகப் போட்டிச் சட்டத்தின் கீழ் 32 கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் மீது மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது.

ஒரு நடைமுறைச் சிக்கலைக் கோட்பாட்டாளர்கள் பேசுவதில்லை. டிசம்பரில் கல்லூரி ஏற்றுக்கொண்டாலும் விசா நேர்காணல் கோடையில்தான். 2025 மே இறுதியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிய நேரம் ஒதுக்குவதை அமெரிக்கா சில வாரங்கள் நிறுத்தியது. எல்லா விண்ணப்பங்களையும் விலக்கிக்கொள் என்ற விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி, சர்ஜாபுரம் பக்கத்து அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலோ சோனிபத்தின் அசோகாவிலோ கிடைத்த இடத்தை விட்ட மாணவர் ஜூனில் என்ன செய்வார்? விசா கைக்கு வரும்வரை உள்நாட்டு இடம் ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று சேர்க்கை அலுவலகத்தை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பள்ளி ஆலோசகரிடமும் கொடுத்துவைப்பது நேர்மையான வழி. மறைத்து வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. கையொப்பமிட்டவர்களில் ஆலோசகரும் ஒருவர்.

இரண்டாம் சுற்றுக்கான பெயரை முதல் முடிவு வரும்வரை தள்ளிப்போடுவதும் இந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. டிசம்பர் நடுவில் மறுப்பு வந்தால், ஜனவரி முதல் வாரக் கெடுவுக்கு மூன்று வாரமே மிஞ்சும்; பன்னிரண்டாம் வகுப்பின் மாதிரித் தேர்வுகள் அப்போதுதான் நெருங்கும், ஆலோசகரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருப்பார். ஆண்டுக்கு எவ்வளவு கட்ட இயலும் என்ற தொகையையும் இரு சுற்றுகளுக்குமான இரு பெயர்களையும் செப்டம்பர் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரே அமர்வில் முடிவுசெய்ய வேண்டும். முதல் சுற்றில் மறுப்பு வந்தாலும் தொகை மாறக் கூடாது.