தரங்கம்பாடியில் அடைக்கலம் புகுந்த அர்மீனியர்

தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும்போது நம் நினைவுக்கு வருபவர் பெரும்பாலும் சீகன்பால்குதான். 1706இல் அவர் கரையேறியதும், தமிழ் எழுத்துகளை வார்த்து அச்சுக்கூடம் நிறுவியதும் பள்ளிச் சிறுவர்கூட அறிந்தவை. அதற்கும் முன்னே, 1620இல், தஞ்சை இரகுநாத நாயக்கர் தேனிய மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் மடல் எழுதியதையும், அவர் அளித்த இடத்தில் டான்சுபோர்க் கோட்டை எழுந்ததையும் வரலாறு பேசுகிறது. ஆனால் இதே ஊரில், 1746க்குப் பின் மூன்றாண்டுக் காலம், தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பகைவர் கையில் விட்டுவிட்டு ஓர் அர்மீனிய வணிகர் காத்திருந்தார். அவர் பெயர் தாங்கிய பலகை எதையும் நாம் அங்கே கண்டதில்லை. அவர் கத்தோலிக்கர், அதனால் நமக்கு அவரிடம் ஒரு தனி உரிமை உண்டு.

கோஜா பேதுருஸ் உஸ்கான் என்பது அவர் பெயர். 'கோஜா' என்பது பெருவணிகருக்கு அந்நாளில் வழங்கிய மதிப்புப் பட்டம். பாரசீகத்தின் இஸ்பஹான் நகரை ஒட்டிய புதிய ஜுல்பா அவர் முன்னோர் ஊர். 1604ஆம் ஆண்டையொட்டி ஷா அப்பாஸ் மன்னர் அர்மீனியரை அவர்தம் பழைய ஊரிலிருந்து வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார். நாடிழந்த அம்மக்கள் பட்டையும் மணிக்கற்களையும் சுமந்து உலகெங்கும் வணிகராய்ப் பரவினர். உஸ்கானும் மணிலாவரை வாணிபம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டி, 1720களில் சென்னப்பட்டணத்தில் நிலையாகத் தங்கினார்.

ஈட்டிய பொருளை அவர் எங்கே இட்டார் என்பதைக் காண வேண்டும். புனித தோமையார் மலைக்குத் திருப்பயணம் செல்வோர் சைதாப்பேட்டையருகே அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பயணம் நின்றுவிடும். 1726இல் உஸ்கான் அங்கே பல வளைவுகள் கொண்ட பாலத்தைக் கட்டினார். அதற்கு அவர் செலவிட்டது 30,000 வராகன். பின்னாளில் அதைப் பழுதுபார்க்க 1,500 வராகனைத் தனியே ஒதுக்கி வைத்தார். இந்த இரண்டாவது தொகைதான் நம்மை மிகவும் கவர்கிறது. கட்டிவிட்டுப் பெயர் பொறித்துக்கொள்வோர் எந்தக் காலத்திலும் உண்டு. தாம் போன பிறகு பெயரப்போகும் கல்லுக்கும் பொருள் வைத்துச் செல்வோர் அரியர். மர்மலாங் பாலம் என வழங்கிய அது 1960களில் புதிய பாலத்துக்கு இடம் விட்டு, இன்று மறைமலையடிகள் பெயரில் நிற்கிறது. பழைய கல்வெட்டு மட்டும் போக்குவரத்தின் புழுதிக்கிடையே எஞ்சியிருக்கிறது.

மலைமேல் ஏறுவதற்குக் கற்படிகள் அமைத்தவரும் அவரே. வேப்பேரியில் அற்புத அன்னைக்கு ஒரு சிற்றாலயமும் எழுப்பினார். அந்நாளில் மயிலை, நாகை, காவிரி முகத்துவாரம் யாவும் 1606இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கியவை. நம் தஞ்சை மறைமாவட்டம் தனியே பிரிந்தது 1952இல்தான். ஆகவே அந்த மலைப்படிகள் நம் மூதாதையர்தம் சொந்த மறைமாவட்டத்தின் படிகளே.

1746 செப்டம்பரில் லபூர்தொனேயின் கப்பல்கள் சென்னையைத் தாக்கின, கோட்டை வீழ்ந்தது. புதுவையின் ஆளுநர் தூப்ளே, சென்னையின் செல்வர்களைப் புதுச்சேரிக்கு இழுக்க முனைந்தார். வணிகர் வந்தால் வணிகமும் வரும். வணிகம் போனால் சென்னை வெறும் மணல்திட்டு. உஸ்கானுக்கும் அழைப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர் பக்கம் வந்தால் உடைமை தப்பும், மறுத்தால் பறிமுதல். அவர் மறுத்துவிட்டுத் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருடைய பொருள்கள் பறிமுதலாயின.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பிரெஞ்சு மன்னர் கத்தோலிக்கர்; புதுவையில் ஆலயமணி தடையின்றி ஒலித்தது. ஆங்கிலேயரோ அந்நாளில் கத்தோலிக்கரை ஐயக்கண்ணோடு நோக்கியவர்கள். மறையை மட்டும் எண்ணிப் பார்த்திருந்தால் உஸ்கான் புதுவைக்குத்தான் போயிருக்க வேண்டும். அவர் ஏன் போகவில்லை? வணிகக் கணக்கு ஒன்று இருந்திருக்கலாம். ஆங்கிலேயர் திரும்பி வருவர் என்று அவர் கணித்திருக்கலாம். அவரைப் புனிதராக்க நமக்கு விருப்பமில்லை. ஆயினும் கணக்குப் பார்க்கும் வணிகன், கையிலிருக்கும் பொருளை இழந்து, வருமோ வாராதோ என்றிருக்கும் ஒன்றுக்காகக் காத்திருப்பது எளிதன்று. இருபதாண்டுக்கு மேலாகத் தம்மை வாழவைத்த ஊருக்குக் கொடுத்த சொல் என்று அவர் கருதியிருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம்.

அவர் தேர்ந்த புகலிடமும் பாதுகாப்பானதன்று. தெற்கே கூப்பிடு தொலைவு என்று சொல்லும்படி காரைக்கால்; 1739 முதல் அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர். வடக்கே கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்தில் தேவிக்கோட்டை. 1749இல் ஆங்கிலேயர் அதைத் தஞ்சை மன்னர் பிரதாபசிங்கிடமிருந்து பிடித்தனர். காவிரி நெல் விளைத்துத் தந்த வளத்தின் வாயிலில் நான்கு ஐரோப்பியக் கொடிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. அவற்றுள் போரில் சேராத தேனியர் கொடியின் கீழ்தான் அறுபதைக் கடந்த அம்முதியவர் மூன்று நடவுகளையும் மூன்று அறுவடைகளையும் கண்டார்.

உடன்படிக்கையின்படி 1749 ஆகஸ்டில் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. உஸ்கானும் திரும்பினார். அடுத்து நடந்ததுதான் நெஞ்சை உறுத்துவது. கத்தோலிக்கரும் அவர்தம் குருக்களும் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோயினர் என்று கும்பெனியார் முடிவு கட்டினர். கோட்டைக்குள் கத்தோலிக்கர் குடியிருக்கலாகாது, வீடு வைத்திருக்கலாகாது என்று ஆணை பிறந்தது. அர்மீனியரும் அதற்குத் தப்பவில்லை. கப்புச்சின் துறவியர் கோட்டைக்குள் நடத்திவந்த புனித அந்திரேயா ஆலயம் இடிக்கப்பட்டது. உஸ்கான் ஒருவருக்கு மட்டும் விலக்கு அளித்தனர். தம் இனத்தாரும் மறையினரும் வெளியேற, தாம் மட்டும் உள்ளே இருக்கும் அந்தச் சலுகை அவருக்கு எப்படி இனித்திருக்கும்?

1751 ஜனவரி 15இல் அவர் மறைந்தார். தாம் கட்டிய வேப்பேரி ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஓராண்டு கழிந்தது, 1752இல் அந்த ஆலயத்தையும் கும்பெனியார் எடுத்துச் சீர்திருத்த சபை மறைப்பணியாளரிடம் ஒப்படைத்தனர். பெற்றுக்கொண்டவர் பப்ரிசியுஸ் ஐயர். தரங்கம்பாடி மிஷனிலிருந்து சென்னை வந்தவர்! எந்த ஊர் உஸ்கானுக்கு அடைக்கலம் தந்ததோ, அந்த ஊரின் சபைக்கே அவருடைய ஆலயம் போய்ச் சேர்ந்தது. பப்ரிசியுஸை நாம் குறைகூற வரவில்லை. அதே வேப்பேரியிலிருந்துதான் 1779இல் அவருடைய தமிழ் ஆங்கில அகராதி வெளிவந்தது. அதை அச்சிட்ட பொறியும் 1761இல் புதுவையிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துவந்ததே. பறித்த ஆலயமும் பறித்த அச்சுப்பொறியும் சேர்ந்து தமிழுக்கு ஓர் அகராதியைத் தந்தன என்பது வரலாறு நமக்கு அளிக்கும் சங்கடங்களுள் ஒன்று.

உஸ்கானின் மறுப்பு ஒரு தனிமனிதரின் மறுப்பு. அதை அரசியலாக்கியவர் அடுத்த தலைமுறையின் ஷாமீர் ஷாமீரியன். அவரும் புதிய ஜுல்பாவில் பிறந்தவர், சென்னையில் செல்வரானவர், அர்மீனியத் திருச்சபையைச் சார்ந்தவர். தாயகம் துருக்கியருக்கும் பாரசீகருக்கும் இடையே பங்குபோடப்பட்டுக் கிடக்க, இவர் வங்கக் கடலோரத்தில் அச்சகம் நிறுவினார். 1772இல் அங்கிருந்து வந்த நூல் அர்மீனிய இளைஞரை விடுதலைக்கு எழுப்பியது. ஜார்ஜிய மன்னர் எரெக்லேயுடனும் அவர் மடல்வழி உறவாடினார். அடுத்து 'புகழின் கண்ணி' என்னும் பொருள்படும் நூல். 1773 என்று ஆண்டு பொறித்திருந்தாலும் 1780களில்தான் அச்சேறியது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அமையவிருக்கும் அர்மீனியக் குடியரசுக்கு 521 விதிகள் அதில் உள்ளன. மன்னன் பிறப்பால் ஆளக்கூடாது, மக்கள் தேர்ந்த மன்றம் ஆள வேண்டும், சட்டமே அனைவர்க்கும் தலைவன் என்பது அதன் உயிர்.

எதிர்ப்பு எழுந்தது. அதுவும் தம் திருச்சபைத் தலைவரிடமிருந்தே. எச்மியாட்சின் கத்தோலிக்கோஸ் சிமியோன், இந்த எழுத்துகள் அந்நிய அரசர்களின் சினத்தைக் கிளறித் தம் மக்களை அழிவில் தள்ளும் என்று அஞ்சி, நூல்களை எரிக்கப் பணித்தார். அவரும் எளிதில் கண்டிக்கத்தக்கவரல்லர். வாள் தம் மந்தையின் கழுத்தருகே இருக்கும்போது மேய்ப்பருக்கு எச்சரிக்கையும் கடமையே. சென்னையில் பாதுகாப்பாக இருந்து எழுதியவருக்கும், இரு பேரரசுகளின் நடுவில் மந்தையைக் காத்தவருக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை. பின்னர் 1794இல் அருட்தந்தை ஹருத்தியூன் ஷ்மவோனியன் 'அஸ்தரார்' இதழைத் தொடங்கினார். உலகின் முதல் அர்மீனிய இதழ் பிறந்தது சென்னையில்.

ஷாமீரியனின் மகன் ஹாகோப், தந்தையின் நூல்களுக்குத் தம் பெயரையும் தந்தவர், 1774இல் மலாக்காவில் இளமையிலேயே இறந்தார். அங்குள்ள ஆலயத்தில் கிடக்கும் அவருடைய கல்லறைக்கல், வாசிப்பவரிடம் தம் மக்களின் விடுதலைச் செய்தியைக் கேட்கிறது.

உஸ்கானின் இறுதி விருப்பம் வேறு வகையானது. தம் இதயத்தைத் தனியே எடுத்து, பேழையில் வைத்து, ஜுல்பாவுக்கு அனுப்புமாறு அவர் கேட்டுக்கொண்டார், அவ்வாறே செய்தனர். உடல் வேப்பேரியிலேயே தங்கிவிட்டது. அந்த வளாகத்தில் இன்று புனித மத்தியா ஆலயம் நிற்கிறது. காவிரிக்கரையிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம் அன்பர்கள் டிசம்பர் 18இல் தோமையார் மலைத் திருநாளுக்குப் படியேறுவதுண்டு. எழும்பூரில் இரயிலைவிட்டு இறங்குவோருக்கு வேப்பேரி நடந்துபோகும் தொலைவுதான். அங்கே அர்மீனிய மொழியிலும் இலத்தீனிலும் பொறித்த பழைய கல் ஒன்று அவர் பெயரைத் தாங்கிக் கிடக்கிறது.