பாகூர், வில்லியனூர் பகுதிகளின் நிலவியலும் ஏரிப் பாசன வரலாறும்

பாகூர், வில்லியனூர் ஆகியவை புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊரகக் கொம்யூன்களில் இரண்டு ஆகும். வில்லியனூர், புதுச்சேரி நகரத்திற்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் சங்கராபரணி ஆற்றை ஒட்டி உள்ளது. பாகூர், நகரத்திற்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் தென்பெண்ணை ஆற்றுக்கு வடக்கே உள்ளது. ஆண்டு மழையின் பெரும்பகுதி மூன்றே மாதங்களில் பெய்துவிடும் இப்பகுதியில், நெல் வேளாண்மை நிலைபெறக் காரணமாக இருந்தவை ஏரிகள். பாகூர் இன்றும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என அழைக்கப்படுகிறது.

நில அமைப்பு

புதுச்சேரி வட்டாரத்தின் மொத்தப் பரப்பு சுமார் 290 சதுர கி.மீ. மட்டுமே. அதுவும் ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுக்கு இடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே வங்காள விரிகுடாவை நோக்கி மெல்லச் சரிகிறது. நகரின் வடமேற்கே கோரிமேடு பகுதியில் செம்மண் மேடு காணப்படுகிறது. ஆறுகளை ஒட்டிய பகுதிகளில் வளமான வண்டல் மண் படிந்துள்ளது. பாகூரின் நெல் வயல்கள் இவ்வண்டல் சமவெளியில் அமைந்தவை.

செஞ்சிப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி, செஞ்சியாறு, வராக நதி என்றும் அழைக்கப்படுகிறது. கடலை நெருங்கும்போது இது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு எனக் கிளை பிரிகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. இரு ஆறுகளிலும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலே தெரியும். மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் வரும்.

தட்பவெப்பம்

ஆண்டு மழையளவு சராசரியாக 1,200 மி.மீ.க்கும் மேல். இதில் பாதிக்கும் மேற்பட்ட மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கிடைப்பது குறைவு. வடகிழக்குப் பருவ மழை பெரும்பாலும் காற்றழுத்தத் தாழ்வுகளாலும் புயல்களாலும் வருவதால், ஓராண்டு வெள்ளமும் மறு ஆண்டு வறட்சியும் இங்கு இயல்பு. சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் நீரைத் தேக்கிவைத்து, பிறகு பல மாதங்களுக்குப் பயன்படுத்த வேண்டிய தேவையிலிருந்தே ஏரிகள் பிறந்தன.

ஏரிகள்

புதுச்சேரி வட்டாரத்தில் 84 பாசன ஏரிகள் உள்ளன. இவற்றுள் மிகப் பெரியது ஊசுடு ஏரி. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுடு ஏரிக்குச் சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகவும், பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகவும் நீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் தம் பொருளைக் கொடுத்து வாய்க்கால் வெட்டினர் என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது.

வரத்து வாய்க்கால், கரை, மதகு, கலிங்கல், பாசன வாய்க்கால் ஆகியவை ஏரி அமைப்பின் உறுப்புகள். ஓர் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியும்போது, அந்த நீர் கீழே உள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். ஏரியில் நிற்கும் நீர் மண்ணில் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஊறும். ஆகவே ஓர் ஏரி தூர்ந்தால் பாதிப்பு அதன் ஆயக்கட்டோடு நிற்பதில்லை.

வரலாற்றுப் பின்னணி

9-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. ஊர்களின் விளைச்சலைக் கொண்டு ஒரு கல்விநிலையத்தை நடத்த முடிந்தது என்பதை இக்கொடை காட்டுகிறது.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில், தூப்ளே ஆளுநராக இருந்தபோது, வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்கள் பிரெஞ்சுக்காரர் வசமாயின. 1752-இல் பாகூரில் நடந்த போரில் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. போர்களாலும் உடன்படிக்கைகளாலும் ஊர்கள் கைமாறியதன் விளைவே இன்றைய சிதறிய எல்லை. ஆற்றின் போக்கையோ ஏரியின் நீர்ப்பிடிப்பையோ கருதி அந்த எல்லை வகுக்கப்படவில்லை. ஊசுடு ஏரியின் ஒரு பகுதி இன்றும் தமிழ்நாட்டில் உள்ளது. பாகூருக்கு நீர் தரும் சொர்ணாவூர் அணைக்கட்டும் தமிழ்நாட்டில் உள்ளது. தமிழ்நாட்டு வீடூர் அணையின் பாசனப் பரப்பிலோ புதுச்சேரி நிலங்களும் அடங்கும்.

இந்தியாவுடன் இணைவது குறித்த வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் நடைபெற்றது. வாக்களித்த 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நிறைவுற்றது. கொம்யூன் என்ற பிரெஞ்சுப் பெயர் மட்டும் உள்ளாட்சியில் நிலைத்துவிட்டது.

வேளாண்மையும் நிலத்தடி நீரும்

சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகியவை இங்குள்ள நெல் பருவங்கள். இவற்றுள் சம்பா, பருவமழையையும் ஏரி நீரையும் நம்பியது. நெல்லுடன் கரும்பு, வாழை, மணிலா, பருத்தி, உளுந்து, மரவள்ளி, சவுக்கு ஆகியவையும் பயிரிடப்படுகின்றன.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்தில் ஆழத் துளையிட்டபோது நீர் தானாகவே மேலெழுந்து வழிந்தது. 1960-களுக்குப் பின் உயர்விளைச்சல் நெல் வகைகளும் மின்மோட்டாரும் பரவியதால் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. ஏரி நிரம்பக் காத்திராமல் மூன்று போகமும் பயிரிட முடிந்தது. ஆனால் தம் கிணற்றை நம்பத் தொடங்கிய உழவர்களுக்கு ஏரியைத் தூர்வாரும் கூட்டு உழைப்பில் நாட்டம் குறைந்தது. வாய்க்கால்கள் ஆக்கிரமிக்கப்பட்டன. நிலத்தடி நீர் மட்டம் இறங்கி, கடலோர ஊர்க் கிணறுகளில் உவர்ப்பு ஏறியது. ஏரி நீருக்கு மாற்றாக வந்த கிணறும் ஏரியின் ஊற்றை நம்பியே இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 1999 முதல் ஏரிகள் புனரமைப்புத் திட்டம் செயல்படுத்தப்பட்டது. கரைகளும் மதகுகளும் சீரமைக்கப்பட்டதோடு, ஏரிதோறும் பயனாளர் சங்கங்களும் அமைக்கப்பட்டன.

இன்றைய நிலை

நகரம் மேற்கே வளர்ந்து வருவதால் வில்லியனூரைச் சுற்றி விளைநிலங்கள் மனைகளாகி வருகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பயிர்களையும் தோப்புகளையும் அழித்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டதால் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, பாகூர்ப் பகுதி ஊர்களும் வயல்களும் மூழ்கின.

ஒரே ஆற்றின் நீரைக் கோடையில் எதிர்நோக்கியும் மழைக்காலத்தில் அஞ்சியும் வாழ வேண்டியிருப்பது இப்பகுதியின் நிலை. வெள்ளத்தைத் தணிக்கவும் வறட்சிக்கு நீரைச் சேமிக்கவும் ஒருசேர உதவக்கூடியவை தூர்வாரப்பட்ட ஏரிகளும் தடையற்ற வரத்து வாய்க்கால்களுமே. அவற்றின் பராமரிப்பு எல்லைக்கு இருபுறமும் உள்ள இரு அரசுகளையும் உழவர்களையும் சார்ந்துள்ளது.