கழற்றி மாட்டினாலும் அதே இடம்!

முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் போன் செய்தபோது, "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதட்டுமா?" என்றுதான் கேட்டேன். "அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்கப்பா. நீ மெக்கானிக்கல்தானே, உருப்படியா ஏதாவது எழுது" என்றார்.

சரி, உருப்படியாகவே எழுதுகிறேன். விஷயம் துப்பாக்கி. பயப்பட வேண்டாம், யாரையும் சுடப் போவதில்லை! ரைபிளின் மேல் தொலைநோக்கியைப் பிடித்து வைக்கும் ஒரு சின்ன உலோகத் துண்டின் கதை இது. அதற்கு 'மவுண்ட்' என்று பெயர்.

நான் துப்பாக்கியைத் தொட்டது கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிளோடு சரி. பிறகு வேலை நிமித்தமாக அமெரிக்காவில் இரண்டு வருடம் இருந்தபோது, டூல் ரூமில் உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடும் களத்துக்கு அழைத்துப் போனார். மான் வேட்டைக்குப் போகிறவர். 100 கெஜத்தில் ஓர் அட்டை. ஐந்து குண்டுகள் சுட்டார். பிறகு இரண்டு லீவரைத் திறந்து, ஸ்கோப்பை அப்படியே தூக்கிப் பையில் போட்டார். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்தோம். மறுபடி ஸ்கோப்பை வைத்து, லீவரை மூடி, இன்னும் ஐந்து. போய்ப் பார்த்தால் பத்து ஓட்டையும் ஒரு டீ கிளாஸின் வாயளவு வட்டத்துக்குள்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறி பார்த்த திறமைக்காக அல்ல. கழற்றி மாட்டிய ஒரு பொருள் அதே இடத்துக்கு வந்ததே, அதற்காக. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் கழற்ற வேண்டும்?

இறுக்கி முடுக்கி விட்டுவிட்டால் வம்பில்லையே என்று கேட்கலாம். முடியாது. பழைய ரைபிள்கள் பலவற்றில் தோட்டாவை மேலிருந்துதான் போட வேண்டும். ஜெர்மனியின் மவுசர் 98-இல் ஐந்து தோட்டாக்களை ஒரு கிளிப்பில் வைத்து மேலிருந்து அழுத்துவார்கள். நேர் மேலே ஸ்கோப் இருந்தால் கை நுழையாது. மழையில் கண்ணாடி மங்கினாலோ, கீழே விழுந்து உடைந்தாலோ, முன்குறி பின்குறியை வைத்துச் சுட வழி வேண்டும். பயணத்தில் கண்ணாடிப் பொருளைத் தனியாகப் பத்திரப்படுத்தவும் வேண்டும்.

ஆக, கழற்றவும் வேண்டும், மாட்டினால் இம்மியும் பிசகாமல் பழைய இடத்துக்கு வரவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. நூறு வருடக் கதை இந்தச் சண்டைதான்.

கைவேலைக் காலம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சூல் நகரத் துப்பாக்கிக் கொல்லர்கள் 'கொக்கி மவுண்ட்' செய்தார்கள். ஸ்கோப்பின் முன்காலில் உள்ள நகங்களைத் துப்பாக்கியின் பள்ளத்தில் மாட்டி, பின்காலை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அழகான வேலை. ஆனால் ஒவ்வொன்றும் அரத்தால் தேய்த்து, மை தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்துப் பொருத்தியது. ஒரு துப்பாக்கியின் ஸ்கோப் இன்னொன்றில் உட்காராது. முதல் உலகப் போரில் இப்படிப்பட்ட வேட்டைத் துப்பாக்கிகளே ஜெர்மன் பதுங்குகுழிகளுக்குப் போயின.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அதே வழியில்தான் போனது. லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிள்களில் நன்றாகச் சுடுபவற்றைப் பொறுக்கி எடுத்து, 1942 முதல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அவர்கள் இடது பக்கத்தில் இரண்டு திண்டுகளைப் பொருத்தி, அவற்றில் ஒரு பிராக்கெட்டைக் கையால் திருகும் இரண்டு பெரிய திருகுகளால் இணைத்தார்கள். மேலே இருந்தது நம்பர் 32 தொலைநோக்கி. அது முதலில் பிரென் எந்திரத் துப்பாக்கிக்காக யோசிக்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. இதிலும் பிராக்கெட்டில் ரைபிளின் எண். ரைபிளின் கட்டையில் ஸ்கோப்பின் எண். ஜோடி பிரிந்தால் போச்சு. ஸ்கோப்புக்குத் தனியாக ஒரு தகரப் பெட்டி. ஏறக்குறைய கல்யாணம் செய்து வைத்த மாதிரிதான்!

அமெரிக்காவின் எம்1 கேரண்டில் எட்டுத் தோட்டாக் கிளிப் மேலிருந்து இறங்கும். அதனால் 1944-இல் ஏற்கப்பட்ட எம்1சி ரகத்தில் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். நியூயார்க்கின் கிரிஃபின் அண்ட் ஹோ நிறுவனத்தின் மவுண்ட் அது. பக்கவாட்டில் ஓர் அடித்தகடு, அதில் சறுக்கி நுழையும் மேல்பாகம், இரண்டு லீவர்கள். இன்று நாம் பார்க்கும் லீவர் மவுண்டுக்கு இது அண்ணன். ஸ்கோப் பக்கத்தில் இருப்பதால் கன்னம் சரியாகப் பதிய வேண்டும் என்று கட்டையில் தோல் பட்டை கட்டினார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும்!

அளவுக் காலம்

கைவேலையை அளவாக மாற்றியதில் பெரும் பங்கு டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் தொழில் நடத்திய வில்லியம் வீவர் என்பவருக்கு. 1930-இல் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் ஸ்கோப் கொண்டுவந்தவர். அவர் பெயரால் வந்த அடித்தகட்டில் இரு பக்கமும் சரிவு, குறுக்கே 4.57 மி.மீ. அகலப் பள்ளம். மவுண்டின் குறுக்குப் போல்ட் அந்தப் பள்ளத்தில் உட்காரும். ஆனால் பள்ளங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதில் ஒழுங்கு இல்லை.

அந்த ஒழுங்கைக் கொடுத்தது அமெரிக்க ராணுவத்தின் பிக்காட்டினி ஆர்சனல். 1995 பிப்ரவரி 3 அன்று வெளியான தரநிலையின் எண் 1913. (பலர் இதை 1913-ஆம் வருடத்துச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் வரிசை எண்.) பள்ளம் 5.23 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம், மையத்துக்கு மையம் 10.01 மி.மீ. இனி எந்தத் தொழிற்சாலை செய்த ரெயிலிலும் எந்தத் தொழிற்சாலை செய்த மவுண்டும் உட்காரலாம். ஜோடி எண் பார்க்கும் வேலை ஒழிந்தது.

இங்கேதான் நம் வாத்தியார் நடத்திய ஜிக் அண்ட் ஃபிக்ஸ்ச்சர் பாடம் நினைவுக்கு வர வேண்டும். மூன்று-இரண்டு-ஒன்று! அடியில் மூன்று புள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. ஆறு புள்ளி போதும், பொருள் அசையாது. ஏழாவது புள்ளி வைத்தால் எந்த ஆறில் உட்காருவது என்று அதற்கே குழப்பம். "முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும்" என்று அவர் சொன்னபோது கடைசி பெஞ்சில் நாம் சிரித்தோம்.

பிக்காட்டினி ரெயிலை இரு பக்கச் சரிவுகளில் மட்டும் பிடித்தால், சரிவில் ஒரு பிசிறோ தேய்மானமோ இருந்தாலும் ஸ்கோப்பின் உயரமும் சாய்வும் மாறும். 2009-இல் நேட்டோ நாடுகள் ஏற்ற ஸ்டானாக் 4694 தரநிலை இதைத் திருத்தியது. ரெயிலின் தட்டையான மேல்தளம்தான் ஆதாரம். மவுண்ட் அதன் மேல் உட்கார வேண்டும். கீழ்ச் சரிவின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். உட்காரும் இடம் வேறு, இறுக்கும் இடம் வேறு! வடிவம் பெரும்பாலும் பழையதுதான். கேள்விதான் மாறியது.

இந்த நுணுக்கம் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். மவுண்டின் நீளம் 100 மி.மீ. அதன் ஒரு முனையில் 0.03 மி.மீ. தூசி சிக்கியது என்று வையுங்கள். தலைமுடியின் பாதி கூட இருக்காது. 100 மீட்டர் தூரத்தில் குறி 30 மி.மீ. தள்ளும். 300 மீட்டரில் 90 மி.மீ.

தேர்ந்தெடுப்பதும் சரிசெய்வதும்

அந்தப் பெரியவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். முதலில் துப்பாக்கி காலியா என்று பார். இரண்டு தடவை பார். பிறகுதான் மற்றதெல்லாம்.

வாங்கும்போது: ரெயில் வீவரா, பிக்காட்டினியா என்று முதலில் தெரிந்துகொள். வீவருக்குச் செய்தது பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினிக்குச் செய்தது வீவர் பள்ளத்தில் இறங்காது. லீவரின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க நட் இருக்கிறதா பார். லீவர் தானாகத் திறக்காமல் பூட்டு இருந்தால் நல்லது. அடிப்பரப்பு நீளமாக இருக்கட்டும். நீளம் கூடினால் அதே தூசி தரும் பிழை குறையும். மேலே சொன்ன கணக்கே சாட்சி.

மாட்டும்போது: ரெயிலைத் துடை. எப்போதும் ஒரே பள்ளத்தில் வை. லீவரை மூடுவதற்கு முன் மவுண்டை முன்பக்கம் தள்ளு. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஸ்கோப் தன் கனத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது துப்பாக்கியைப் பொறுத்தவரை முன்னால் நகரும். முதலிலேயே பள்ளத்தின் முன்சுவரில் முட்டி நின்றுவிட்டால் நகர இடமில்லை.

இறுக்கம்: லீவர் பாதித் தூரம் வரும்போது எதிர்ப்புத் தெரிய வேண்டும், கட்டைவிரலால் அழுத்தி மூட வேண்டும். சுண்டுவிரலால் மூடினால் லூஸ். பிளையர் தேவைப்பட்டால் டைட். அலுமினிய ரெயில் நசுங்கிவிடும். நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார், ஒரேயடியாகத் திருப்பாதே.

சோதனை: ஐந்து சுடு, கழற்று, மாட்டு, ஐந்து சுடு. மூன்று தடவை செய். ஓட்டைக் கூட்டத்தின் நடுப்புள்ளி இடம் மாறுகிறதா பார். மாறினால் ஸ்கோப்பின் குமிழைத் தொடாதே. "மவுண்ட் செய்த தப்புக்கு ஸ்கோப்பைத் திருத்தாதே" என்றார்.

அந்த வாக்கியம் என்னைச் சுட்டது. காரணம் இதுதான்.

என் கதை

படித்து முடித்ததும் கோவையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். பம்ப் உறைகளைக் கடையும் மெஷினுக்கு, சட்டென்று மாற்றக்கூடிய ஃபிக்ஸ்ச்சர் ஒன்று வரைந்தேன். நான்கு திண்டு, டைட்டாக இரண்டு உருண்டைப் பின், இரண்டு லீவர். பார்க்க ஜோராக இருந்தது. ஒரே வாரத்தில் 38 உறைகள் ரிஜெக்ட்! கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் துளை இடம் மாறியது. "ஆபரேட்டர் சரியா டைட் பண்ணல" என்றார்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர் அவர். மெமோ கொடுத்தார்கள். அந்த மாத ஊக்கத்தொகையும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

மனசு கேட்காமல் ஒரு ராத்திரி டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். நான்கு திண்டில் மூன்றில்தான் பிளேட் உட்கார்ந்தது. எந்த மூன்று என்பது முறைக்கு முறை மாறியது. லீவரை இறுக்க இறுக்கப் பிளேட் வளைந்தது. நாற்காலி! அதன் பிறகும் மேனேஜரிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊக்கத்தொகை திரும்ப வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னார்: "தம்பி, டைட் பண்ணலைன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க உட்காருதுன்னு ஒருத்தரும் கேக்கல."

சூல் நகரத்து அரத்திலிருந்து நேட்டோவின் மேல்தளம் வரை நூறு வருடம் சுற்றி வந்து சேர்ந்த கேள்வியும் அதுதானே? அவர் அதை மெஷின் முன்னால் நின்றபடி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று. நாளை உங்கள் டிராயிங்கில் செய்த பொருள் பிசகினால், கையில் ஸ்பேனர் பிடித்தவரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் டிராயிங்கைப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். நான்கு நாள் காத்திருக்காதீர்கள்.

என் செட் நண்பர்களுக்கு: கழற்றிக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டோம். சந்திப்பு நாளன்று மெக்கானிக்கல் பிளாக் படிக்கட்டில், பழைய இடத்திலேயே உட்காருவோம். எத்தனை மில்லிமீட்டர் பிசகியிருக்கிறோம் என்று பார்த்துவிடலாம்!