வள்ளியின் குரல்: மறுஆக்கப் படங்களின் இசைத்தட்டுகளை முன்வைத்து

2007ல் அஜித் நடித்து 'பில்லா' மறுபடி வந்தது. யுவன் சங்கர் ராஜா இசையமைத்த அந்தப் படத்தின் பாட்டுத் தொகுப்பில், 1980 'பில்லா'வுக்கு எம்.எஸ். விசுவநாதன் போட்ட இரண்டு பாட்டுகள் புது உடுப்பு மாட்டிக்கொண்டு இருந்தன. கிருஷ்ணன்கோவில் டீக்கடையில் அதைக் கேட்ட பெரியவர் ஒருவர், 'ஒரிஜினலைக் கெடுத்துட்டானுக' என்றார். அவர் சொன்ன ஒரிஜினலே 1978ல் வந்த இந்தி 'டான்' படத்தின் மறுஆக்கம். வெற்றிலைப் பாட்டுக்கு முன்னால் கல்யாண்ஜி - ஆனந்த்ஜியின் பான் பாட்டு ஒன்று இந்தியில் இருக்கிறது. பெரியவரை மடக்குவது என் நோக்கமல்ல. மைக் செட்டுகள் வழியாக அவர் காதில் முதலில் விழுந்தது 1980ன் தட்டு. ஆகவே அது மூலமாகிவிட்டது. அப்படியானால் மூலம் என்பது பாட்டில் இருக்கிறதா, தட்டில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்குத் தமிழில் 'பில்லா'வை விடப் பழைய வரலாறு ஒன்று உண்டு. அது வள்ளிக் கதையின் வரலாறு.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கிற நாடகம். எங்கள் பக்கத்தில் பொங்கல் சாட்டினால் ஸ்பெஷல் நாடகம் வைப்பார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லோரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் மேடையில்தான் சந்திக்கிறார்கள். நாரதரோடு வள்ளி செய்கிற தர்க்கம் அரைமணி போகுமா, ஒன்றரை மணி போகுமா என்பது எதிராளியின் சரக்கையும் கூட்டத்தின் மனநிலையையும் பொறுத்தது. ஒன்ஸ்மோர் கேட்டால் பாட்டு நீளும். அதாவது ஒவ்வொரு இரவும் ஒரு புதுப் பிரதி. எல்லா இரவும் மறுஆக்கம் என்கிறபோது மூலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தட்டு வந்து இதை மாற்றியது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். விடிய விடியப் பாடிய பாட்டு அந்த மூன்று நிமிடத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கிருஷ்ணன்கோவில் வழியாகத் தெற்கே போகும் அதே சாலையில் இருக்கிற செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) இப்படித்தான் நிலைத்தார். இருபத்தேழு வயதில் அவர் இறந்தபோது அவருடைய மேடை இரவுகள் போய்விட்டன. தட்டுகள் மிஞ்சின. பின்வந்தவர்களுக்குக் கிட்டப்பா என்பது அந்தத் தட்டுகள்தான்.

வள்ளிக் கதை 1933லேயே டி.பி. ராஜலட்சுமி நடிக்கப் பேசும்படமாகியிருந்தது. 1945ல் ஏ.வி. மெய்யப்பன் அதையே 'ஸ்ரீவள்ளி' என்று எடுத்தார். மெய்யப்பன் படத்தொழிலுக்கு வந்த வழி கவனிக்கத்தக்கது. 1930களின் தொடக்கத்தில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி ஓடியன் தட்டுகள் விற்றவர் அவர். தட்டு வாங்குகிறவனின் காது அவருக்குத் தெரியும். முருகனாக, சோழவந்தான் பக்கத்துத் தென்கரை டி.ஆர். மகாலிங்கம் நடித்தார். 'காயாத கானகத்தே' பாட்டை அவர் பாடியபோது ஜனங்கள் கேட்டது கிட்டப்பாவின் நீட்சியை. வள்ளியாகக் குமாரி ருக்மிணி நடித்துத் தானே பாடினார். படம் வெளியான பிறகு, அவருடைய பாட்டு போதவில்லை என்று மெய்யப்பன் நினைத்தார். பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஓடிக்கொண்டிருந்த படத்தின் ஒலித்தடத்திலேயே குரலை மாற்றினார்.

இதை வெறும் தொழில்நுட்பச் சாதனையாகவே சொல்லிவருகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு படம் தன்னையே மறுஆக்கம் செய்துகொண்ட சம்பவம் இது. மாற்றப்பட்டது பெண்ணின் குரல் மட்டும். ஆண் குரல் ஏற்கனவே ஒரு தட்டின் வாரிசாக வந்ததால் அதற்கு அங்கீகாரம் இருந்தது. வள்ளிக்கோ உடம்பு ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. பெரியநாயகி அருமையாகப் பாடினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூலத்தின் மூலமாக இருந்திருக்கக்கூடிய ருக்மிணியின் குரல் மாற்றப்பட்ட பிரதியில் இல்லை.

இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1936ல் வெளியான தன் கட்டுரையில் சொன்னார். ஓவியத்துக்கு அது பொருந்தலாம். நம் நாடகப் பாட்டின் விஷயத்தில் நடந்தது தலைகீழ். ஒளிவட்டத்தை உண்டாக்கியதே இயந்திரம்தான். தட்டுக்கு முன்னால் நல்ல பாட்டு, சுமாரான பாட்டு என்றுதான் இருந்தது. 'அசல்' பாட்டு என்ற எண்ணம் தட்டுக்குப் பிறகு வந்தது.

1961ல் டி.ஆர். ராமண்ணா வண்ணத்தில் மறுபடி 'ஸ்ரீவள்ளி' எடுத்தார். சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி, இசை ஜி. ராமநாதன். 1945ன் முருகனான மகாலிங்கம் இதில் நாரதராக வந்தார். இப்போது முருகன் வாயசைக்கிறார். சொந்தக் குரலில் பாடும் மகாலிங்கம் பக்கத்து வேஷத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கிறார். 1945ல் வள்ளிக்கு நேர்ந்தது 1961ல் முருகனுக்கும் நேர்ந்தது. ஒரு வித்தியாசம். ஆணுக்கு நேரும்போது அதற்குள் அது வழக்கமாகியிருந்தது. யாரும் அதைக் குறை என்று சொல்லவில்லை.

நம் திரையிசை வரலாறுகள் தட்டின் மேல் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து எழுதப்படுபவை. அதில் பெயர் இருந்தால் வரலாற்றில் இருக்கலாம். ஸ்பெஷல் நாடகத்து ஸ்திரீபார்ட்டுகளில் பெரும்பாலோருக்கு அப்படிக் காகிதம் கிடைக்கவில்லை. வள்ளிப் பாட்டைப் பல்லாண்டு காலம் உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாடகம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வள்ளி வேஷக்கார அம்மா பாடத் தொடங்கியதும் கூட்டத்திலிருந்து ஒருவன், 'படத்துல வர்ற மாதிரி பாடுக்கா' என்று கத்தினான். அந்த அம்மா ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். படத்தில் வருகிற மாதிரியே இரண்டு வரி பாடிக்காட்டிவிட்டு, 'அது அவுக பாட்டு தம்பி, இனி என் பாட்டைக் கேளு' என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம் பாடினார். அதை யாரும் பதிவு செய்யவில்லை.