ஆமிஷ் காதல் மர்ம நாவலும் அடுமனை மரபும்

ஆமிஷ் காதல் மர்ம நாவல் அமெரிக்க வெகுசனப் புனைவின் ஒரு கிளை. குதிரை வண்டியில் பயணம் செய்து, பொது மின்சாரத்தை வீட்டுக்குள் விடாமல், பென்சில்வேனியா, ஓஹியோ, இந்தியானா மாநிலங்களின் கிராமப்புறங்களில் வாழும் ஆமிஷ் கிறித்தவர்களிடையே ஒரு கொலையோ தீவைப்போ கடத்தலோ நிகழ்கிறது. அந்த ஆபத்தின் நடுவில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி வருகிறார்கள். கதைப்போக்கு பொதுவாக இதுதான். பல கதைகளில் நாயகி பேக்கரி நடத்துவாள், அல்லது சந்தையில் ‘பை’ விற்பாள். மாவு ஓட்டுக்குள் பழத்தையோ பாகையோ நிரப்பிச் சுடும் வட்டப் பண்டம்தான் பை. கதைக்குள் அது வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. ஏன் என்பது அடுமனை பற்றிய பகுதியில் விளங்கும்.

சமூகம்

ஆமிஷ் மக்களின் வேர் 16ஆம் நூற்றாண்டுச் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. 1525இல் சூரிச் நகரில் தொடங்கிய அனபாப்டிஸ்ட் இயக்கம், விசுவாசத்தை அறிந்து ஏற்கும் வயதில்தான் ஒருவர் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றது. அந்த நம்பிக்கைக்காக ஏராளமானோர் எரிக்கப்பட்டனர், நீரில் மூழ்கடிக்கப்பட்டனர். 1693இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர் சபை ஒழுக்கத்தில் மேலும் கண்டிப்பு வேண்டும் எனக் கூறிப் பிரிந்துபோனார். அவரைப் பின்பற்றியவர்களே ஆமிஷ். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் இன்று ஆமிஷ் சபை எதுவும் இல்லை. வட அமெரிக்காவிலோ அவர்களின் தொகை 4,00,000-ஐ ஒட்டி இருக்கிறது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மாவட்டமும் ஓஹியோவின் ஹோம்ஸ் மாவட்டமும் பெரிய குடியிருப்புகள்.

அன்றாட வாழ்க்கையை ஆள்வது ‘ஆர்ட்னுங்’ எனப்படும் சபை ஒழுங்கு. உடை, வண்டி, கருவி, தொலைபேசி என எது கூடும், எது கூடாது என்பதை ஒவ்வொரு சபையும் தானே முடிவு செய்கிறது. பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்கும்; 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. நாவலாசிரியருக்கு எல்லாவற்றிலும் பெரிய கொடை ஞானஸ்நான விதிதான். ஞானஸ்நானம் பெற்றவர் சபைக்கு உள்ளேதான் மணம் செய்துகொள்ளலாம். பெற்ற பிறகு விலகினால் விலக்கிவைப்பு: சொந்த வீட்டில்கூடத் தனி மேசையில் உண்ண நேரலாம். பெறுவதற்கு முன் விலகியவருக்கு அந்தத் தண்டனை இல்லை. ஆகவே நாயகி ஞானஸ்நானம் எடுத்துவிட்டாளா, இன்னும் இல்லையா என்ற ஒரே கேள்வியில் காதல் கதையின் முடிச்சு முழுவதும் அடங்கிவிடுகிறது.

வகைமையின் வரலாறு

ஹெலன் மார்ட்டின் எழுதிய ‘சபைனா’ 1905இலேயே வெளிவந்தது; ஆமிஷ் வாழ்க்கையைப் பின்தங்கியதாகக் காட்டும் பார்வை அக்காலத்தில் சாதாரணம். 1940இல் ஜோசப் யோடரின் ‘ரோசன்னா ஆஃப் தி ஆமிஷ்’ அதற்கு மாற்றாக வந்தது. ஆனால் இன்று கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைக்கும் வகைமையைத் தொடங்கிவைத்தது 1997இல் பெவர்லி லூயிஸ் எழுதிய ‘தி ஷன்னிங்’. அது 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பிறகு வாண்டா பிரன்ஸ்டெட்டர், சிண்டி உட்ஸ்மால் முதலியோர் வந்தார்கள். 2012இல் மட்டும் ஏறக்குறைய நான்கு நாளுக்கு ஒரு புதிய ஆமிஷ் காதல் நாவல் வெளியானதாக வலெரி வீவர்-ஸெர்ச்சர் கணக்கிட்டார். 2013இல் அவர் வெளியிட்ட ‘த்ரில் ஆஃப் தி சேஸ்ட்’ இவ்வகை பற்றிய அடிப்படையான ஆய்வு நூல்.

மர்மத்தின் இழை வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. 1985இல் பீட்டர் வியர் இயக்கிய ‘விட்னஸ்’ திரைப்படத்தில், பிலடெல்பியா ரயில் நிலையத்தில் நடக்கும் கொலையை ஓர் ஆமிஷ் சிறுவன் பார்த்துவிடுகிறான். அவனையும் அவன் தாயையும் காக்க வந்த காவலர் லான்காஸ்டர் பண்ணையில் ஒளிந்து வாழ்கிறார். அந்தத் தாயின் மேல் அன்பு கொள்கிறார். ஆபத்து, மறைவிடம், கைகூடாத காதல் என்ற சட்டகம் அங்கேயே முழுமையாக அமைந்துவிட்டது. 1999இல் பி. எல். காஸ் ஓஹியோ ஆமிஷ் மர்மத் தொடரைத் தொடங்கினார். 2000இல் ஜோடி பிகோ ‘ப்ளெய்ன் ட்ரூத்’ எழுதினார். 2009இல் லிண்டா காஸ்டியோ ‘ஸ்வார்ன் டு சைலன்ஸ்’ நாவலில் கேட் பர்க்ஹோல்டரை அறிமுகம் செய்தார்: ஆமிஷ் குடும்பத்தில் பிறந்து, அதை விட்டு வெளியேறி, அதே வட்டாரத்தின் காவல்துறைத் தலைவியானவள். மார்ட்டா பெரி போன்றோர் காதலையும் ஆபத்தையும் சம அளவில் கலந்தார்கள். ஹார்லெக்வின் நிறுவனத்தின் ‘லவ் இன்ஸ்பயர்டு சஸ்பென்ஸ்’ வரிசை, முத்தத்துக்கு மேல் போகாத இக்கதைகளை மெல்லிய பதிப்புகளாகத் தொடர்ந்து கொண்டுவருகிறது.

திருப்பி அடிக்காதவர்களின் மர்மக் கதை

இவ்வகைமையின் உயிர்நிலை இங்கேதான். சாதாரண மர்ம நாவலில் துரத்தப்படுபவர் கடைசியில் திருப்பித் தாக்குவார். ஆமிஷ் மனிதர் தாக்கக்கூடாது. மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள்: போருக்குப் போவதில்லை, வழக்குத் தொடுப்பதில்லை, காவல்துறையைத் தேடிப் போவதிலும் பெரும் தயக்கம். வேட்டைக்கான துப்பாக்கி வீட்டில் இருக்கும். அதை மனிதனை நோக்கித் திருப்ப வழியில்லை.

பல ஆமிஷ் வீடுகளில் இருக்கும் ‘தியாகிகளின் கண்ணாடி’ என்ற 1660ஆம் ஆண்டு நூலில் டிர்க் வில்லெம்ஸின் வரலாறு வருகிறது. 1569இல் நெதர்லாந்தில் சிறையிலிருந்து தப்பியவர், உறைந்த நீர்ப்பரப்பைக் கடந்து ஓடினார். பின்னால் துரத்திவந்தவன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். பிடிபட்டார், எரிக்கப்பட்டார். ஓடி ஒளிவதும் துரத்தலும் மூச்சடைக்கும் தருணமும் இதில் உண்டு. ஆனால் தீர்வு வழக்கமான மர்மக் கதைக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஆமிஷ் மர்மக் கதை எழுதும் யாரும் இந்த மனிதரை நேருக்கு நேர் பார்த்தே ஆகவேண்டும்.

பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: ஆமிஷ் அல்லாத காவலரோ, சபையை விட்டு ஓடிப்போய்த் திரும்பிவந்த இளைஞனோ நாயகனாகிறான், சுடவேண்டிய இடத்தில் அவன் சுடுகிறான், நாயகியின் கை சுத்தமாக இருக்கிறது. பிறகு அவன் மனம் மாறிச் சபையில் சேர்ந்து அவளை மணக்கிறான். வெளியாள் ஆமிஷ் ஆவது நடைமுறையில் மிக அரிது. நாவலில் அது வாரந்தோறும் நடக்கிறது. வாசகரின் அச்சத்தைத் தூண்டிவிட்டு அதன் விலையை யாரும் கொடுக்காமல் முடிப்பதுதான் இவ்வகையின் பெரிய குறை. ‘விட்னஸ்’ படம்கூடப் பாதி வழியில் துப்பாக்கியை எடுக்கிறது. ஆனால் அதன் உச்சத்தில் பண்ணை மணி ஒலிக்க, அண்டை வீட்டார் வயல்களைத் தாண்டி வெறுங்கையோடு வந்து நிற்கிறார்கள். அத்தனை பேரின் கண்முன் கொல்ல முடியாமல் வில்லன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். அந்த ஒரு காட்சி நூறு நாவல்களுக்குப் பாடம்.

உண்மை வாழ்க்கை புனைவைவிடக் கடுமையாக அவர்களைச் சோதித்திருக்கிறது. 2006 அக்டோபர் 2 அன்று லான்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் ஊரில், ஆமிஷ் அல்லாத ஒருவன் பள்ளிக்குள் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐவர் இறந்தனர், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அன்று மாலையே ஆமிஷ் அண்டை வீட்டார் அவன் மனைவியைத் தேடிச்சென்று, உங்கள் மேல் எங்களுக்குப் பகையில்லை என்றார்கள். அவன் அடக்கத்துக்கும் போனார்கள். பள்ளிக்கூடம் சில நாட்களில் இடிக்கப்பட்டு, 2007 ஏப்ரலில் வேறிடத்தில் புதிய பள்ளி திறக்கப்பட்டது. மன்னிப்பு என்பது அன்றே முடிந்துபோகும் காரியம் இல்லை. மீண்டும் மீண்டும் செய்யவேண்டியிருக்கிறது என்று பெற்றோர் சிலர் பின்னாளில் பேசினார்கள். இந்த நீண்ட பாடு நாவல்களுக்குள் வருவது குறைவு.

அடுமனை

ஆமிஷ் அடுப்படியைப் புரிந்துகொள்ள ஞாயிறு விருந்திலிருந்து தொடங்கவேண்டும். அவர்களுக்குக் கோவில் கட்டடம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு குடும்பத்தின் வீட்டிலோ களஞ்சியத்திலோ கூடி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் வழிபடுகிறார்கள். பெஞ்சுகள் ஒரு தனி வண்டியில் வீடு வீடாகப் பயணம் செய்யும். வழிபாடு முடிந்ததும் அவையே மேசைகளாக மாறும். வீட்டில் சுட்ட ரொட்டி, இனிப்புப் பாகு கலந்த வேர்க்கடலை வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறுகாய், பீட்ரூட், காப்பி. லான்காஸ்டரில் இவற்றோடு ‘ஷ்னிட்ஸ் பை’ கட்டாயம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே உணவு. விருந்து வைப்பதில் ஒரு வீடு இன்னொரு வீட்டை விஞ்சிவிடக்கூடாது என்பதே காரணம். பணிவு என்ற அறம் ரொட்டிக்கும் பைக்கும் அளவு வைத்திருப்பது எனக்கு இம்மரபின் மிக அழகான பகுதியாகப் படுகிறது.

ஷ்னிட்ஸ் என்பது வகுந்து உலர்த்திய ஆப்பிள். இலையுதிர் காலத்தில் நறுக்கிக் காயவைத்த துண்டுகளை ஊறவைத்து, வேகவைத்து மசித்து, சர்க்கரையும் லவங்கப்பட்டையும் சேர்த்து மாவு ஓட்டுக்குள் நிரப்பிச் சுடுகிறார்கள். ‘ஷூஃப்ளை பை’ இன்னும் புகழ்பெற்றது. வெந்நீரில் கரைத்த மொலாசஸ் பாகில் சமையல் சோடா சேர்த்து ஓட்டில் ஊற்றி, மாவும் பழுப்புச் சர்க்கரையும் கொழுப்பும் பிசிறிய உதிரியை மேலே தூவிச் சுட்டால், அடியில் பிசுபிசுப்பான பாகும் மேலே பொலபொலப்பும் அமையும். குளிர்காலம் முடியும் தறுவாயில் பழக் கையிருப்பு தீர்ந்துபோகும். கெடாத மொலாசஸ் அப்போது கைகொடுத்தது. காலையில் காப்பியோடு உண்பார்கள். உலர்திராட்சை பை துக்க வீட்டுக்குரியது: எந்தப் பருவத்திலும் கிடைக்கும் பொருள், சாவு பருவம் பார்ப்பதில்லை. இரண்டு சாக்லேட் கேக் வில்லைகளுக்கு நடுவே வெள்ளைக் கிரீம் வைத்த ‘வூப்பி பை’ ஆமிஷ் கடைகளில் எங்கும் உண்டு. மெய்ன் மாநிலமும் அதற்கு உரிமை கோருகிறது.

மின்சாரம் இல்லாததால் எல்லாம் விறகில் வேகின்றன என்று நினைக்கவேண்டாம். பல சபைகள் எரிவாயு அடுப்பை ஏற்கின்றன. மாவு பிசையும் எந்திரத்தை அழுத்திய காற்றால் ஓட்டும் வீடுகளும் உண்டு.

உணவு ரகசியத்தையும் காட்டிக்கொடுக்கும். லான்காஸ்டரில் அறுவடை முடிந்த பிறகு செவ்வாய், வியாழக் கிழமைகளில் திருமணங்கள் நடக்கும். 300, 400 பேர் உண்பார்கள். நிச்சயமான செய்தியைச் சபையில் அறிவிக்கும்வரை குடும்பம் வெளியே சொல்லாது. ஆனால் விருந்துக்குச் செலரி ஏராளமாக வேண்டும். தோட்டத்தில் வழக்கத்தைவிட நீளமான செலரிப் பாத்தி தெரிந்தால் ஊர் புரிந்துகொள்ளும். துப்பறியும் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது.

நாவலில் நாயகி பேக்கரியில் நிற்பதன் காரணமும் உண்மை வாழ்க்கையில் இருக்கிறது. லான்காஸ்டரில் நிலத்தின் விலை ஏறியதால் விவசாயம் எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லை. சிறு தொழில்கள் பெருகின. வீட்டு வாசலில் ரொட்டி விற்கும் பெண்கள் ஞாயிறன்று விற்பனை இல்லை என்று பலகை வைக்கிறார்கள். இளம்பெண்கள் வாடகை வேனில் பிலடெல்பியாவின் ரீடிங் டெர்மினல் சந்தைக்குப் போய் விற்றுத் திரும்புகிறார்கள். அந்நியன் கேள்வி கேட்காமல் உள்ளே நுழையக்கூடிய ஒரே ஆமிஷ் அறை கடைதான்; காதலனும் கொலைகாரனும் அந்த ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள்.

வாசகரும் எழுதுபவரும்

இந்நாவல்களை வாங்குவோரில் பெரும்பகுதி ஆமிஷ் அல்லாத கிறித்தவப் பெண்கள். எழுதுவோரும் அநேகமாக வெளியாட்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பலகாரச் செய்முறை தருவது பரவலான வழக்கம். ஆமிஷ் பெண்கள் சிலரும் இவற்றை வாசிக்கிறார்கள்; ஒழுங்கைத் தவறாகச் சித்திரித்திருப்பதாகக் குறைகூறுவோரும், தங்கள் வாழ்க்கை விற்பனைப் பொருளாவதை விரும்பாதோரும் அவர்களிடையே உண்டு.

சபைக்குள்ளிருந்தே எழுதுபவர் லிண்டா பைலர். பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் பெண்ணான அவர் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதுகிறார். ‘லான்காஸ்டர் பர்னிங்’ என்ற அவருடைய மூன்று நாவல் தொடரின் முதல் பகுதி ‘ஃபயர் இன் தி நைட்’ 2013இல் வந்தது. சாரா என்ற இளம்பெண்ணின் குடும்பக் களஞ்சியத்தை யாரோ கொளுத்திவிடுகிறார்கள். தீ வைத்தவனை யார் தேடுவது, கண்டுபிடித்தால் என்ன செய்வது, மன்னிப்பதாகச் சொல்லிவிட்டு இரவில் எப்படித் தூங்குவது என்று சபை தனக்குள் வாதாடுகிறது. அவளுடைய காதலும் அந்த வாதத்துக்கு உள்ளேயே வளர்கிறது.