சாய்ந்து நிற்கும் கெண்டி

முதலில் கண்ணில் படுவது அதன் சாய்வுதான். உருண்டு திரண்ட வயிறு, ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பக்கம் உப்பியும் மறுபக்கம் சரிந்தும், யாரோ சொல்வதைக் கேட்க உடம்பைத் திருப்பிக்கொண்டது போல நிற்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ரெட் விங் என்ற ஊரின் மண்பாண்ட ஆலையிலிருந்து 1947இல் சந்தைக்கு வந்த தேநீர்க் கெண்டி இது. ‘டவுன் அண்ட் கன்ட்ரி’ என்ற பாத்திர வரிசையைச் சேர்ந்தது. வடிவமைத்தவர் ஈவா ஸைசல்.

குயவர் சக்கரம் இந்த வடிவத்தைத் தராது. சக்கரம் சுழல்வதால் அதில் எழும் பானை எல்லாப் பக்கமும் ஒரே வளைவாகத்தான் வரும். சாய்ந்த வயிறு வேண்டுமென்றால் அச்சு வேண்டும். குழம்பாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் தோல்போலப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, மண் சற்று இறுகியதும் அச்சைப் பிரிப்பார்கள். பிறகு மெருகுப் பூச்சு, சூளை. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், இந்தச் சாய்வை வரைந்தவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்து தொழில் பழகியவர் என்பதுதான்.

ஈவா 1906இல் புடாபெஸ்டில் பிறந்தார். ஓவியம் படிக்கச் சேர்ந்தவர் அதை விட்டுவிட்டு ஒரு குயவரிடம் தொழில் கற்கப் போனார். புகைபோக்கி துடைப்பவர், அடுப்பு கட்டுபவர், கூரை ஓடு வேய்பவர், கிணறு வெட்டுபவர், குயவர் ஆகியோருக்கெல்லாம் பொதுவாக ஹங்கேரியில் ஒரு கைவினைஞர் சங்கம் இருந்தது. நடுக்காலத்திலிருந்து தொடர்ந்து வந்த மரபு அது. அதில் தேர்ச்சி பெற்ற முதல் பெண் இவர்தான். பிறகு ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் ஆலைக்குப் போனார். அங்கே அவர் செய்தவை கோடும் வட்டமுமாக, வடிவகணிதம் போட்டது போன்ற பாத்திரங்கள். 1932இல் சோவியத் நாடு சென்று, லெனின்கிராடின் லொமொனோசோவ் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தார். சில ஆண்டுகளிலேயே ரஷ்யக் குடியரசின் பீங்கான், கண்ணாடித் தொழில்களுக்குக் கலை இயக்குநர் ஆனார்.

1936 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அடியோடு பொய். 16 மாதச் சிறைவாசத்தில் பெரும்பகுதி தனிமைச் சிறை. தன்னோடு தானே மனதுக்குள் சதுரங்கம் ஆடி அவர் புத்தியைக் காத்துக்கொண்டார். 1937 செப்டம்பரில் நாடு கடத்தினார்கள். சிறுவயது முதல் அவருக்கு நண்பரான எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர், இந்த அனுபவங்களைக் கேட்டறிந்து ‘டார்க்னெஸ் அட் நூன்’ நாவலில் பயன்படுத்திக்கொண்டார். வியன்னாவுக்கு வந்து சேர்ந்த ஈவா, 1938இல் நாஜிப் படை அங்கே நுழைந்ததும் மறுபடி ஓட வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் ஹான்ஸ் ஸைசலை மணந்தார். இருவரும் 64 டாலரோடு அமெரிக்கா போய் இறங்கினார்கள்.

நியூயார்க்கின் பிராட் கல்வி நிலையத்தில் பாடம் எடுத்தார். 1946இல் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய வெண்பீங்கான் பாத்திரங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. அவை விருந்து மேசைக்கானவை, பார்த்தால் சற்று விறைப்பானவை. ரெட் விங் ஆலை கேட்டது வேறு. கலைஞர்கள் குடியிருந்த கிரீனிச் வில்லேஜின் வாசனை அடிக்க வேண்டும், அன்றாட அடுக்களையில் புழங்க வேண்டும் என்றார்கள். சாம்பல், துரு நிறம், மங்கிய நீலம், இளம் பச்சை என்று பல வண்ணங்களில் அந்த வரிசை வந்தது. பச்சைக் கெண்டிக்குப் பக்கத்தில் நீலக் கோப்பையை வைத்துக்கொள்ளலாம். ஒரே நிறச் செட்டாக வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதே வரிசையின் உப்பு, மிளகுக் குப்பிகளைப் பார்த்தால் கெண்டியின் சாய்வு புரியும். பெரிய குப்பியின் அணைப்பில் சின்னது ஒட்டிக்கொள்ளும். தாயும் பிள்ளையும் என்று சொல்லாமலே தெரிந்துவிடும். தானும் தன் மகளும்தான் அது என்று ஈவாவே சொன்னதுண்டு. தன் பாத்திரங்களை அவர் குடும்பம் குடும்பமாகத்தான் நினைத்தார். வடிவம் பயன்பாட்டுக்கு மட்டும் கட்டுப்பட்டது என்று அந்தக் கால நவீனர்கள் விதித்த விதியை அவர் ஏற்கவே இல்லை. மாதக்கணக்கில் நான்கு சுவருக்குள் தனியே கிடந்தவரின் கையிலிருந்து, ஒன்றையொன்று தேடிச் சாயும் பாத்திரங்கள் வந்தன. அவர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டாரோ இல்லையோ, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ரெட் விங் ஆலை 1967இல் மூடப்பட்டது. ஈவா 105 வயது வரை வாழ்ந்து, பார்வை மங்கிய பின்னும் வடிவங்களை விரலால் தடவிப் பார்த்து வேலை செய்து, 2011 டிசம்பரில் காலமானார். அடுக்களையில் புழங்கிய பாத்திரங்கள் இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அந்தத் தாய்–பிள்ளைக் குப்பிகள் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளன.

வெளியூர்ப் பழம்பொருள் கடை எதிலாவது இப்படி ஒரு கெண்டி கண்ணில் பட்டால், அடியைத் திருப்பிப் பெயர் தேடாதீர்கள். இந்த வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. கைப்பிடியைப் பிடித்து, ஊற்றுவது போல ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.